திருகோணமலைக் கடலில் திமிங்கிலமும் டொல்பினும் பார்க்கச் சிறு படகில் செல்வது: விவரம் அறிந்தவர்களின் ஆலோசனை வேண்டும்

நல்லூர் மகள்:

அனைவருக்கும் வணக்கம். நல்லூர்த் திருவிழாவுக்காக இவ்வாண்டு கனடாவிலிருந்து குடும்பமாக ஊருக்கு வருகிறோம். கொடியேற்றத்துக்கு முன்பு, ஜூலை நடுப்பகுதியில், ஏறத்தாழ ஒரு வாரம் கையில் இருக்கிறது. அந்த நாட்களில் திருகோணமலைக்குச் சென்று கோணேசப் பெருமானைத் தரிசித்துவிட்டு, நிலாவெளியில் தங்கி, அங்கிருந்து கடலில் திமிங்கிலம் பார்க்கப் போகலாம் என்று எண்ணியிருக்கிறோம். என் மகனுக்குப் பத்து வயது. நீலத்திமிங்கிலத்தைப் பற்றிக் கையில் கிடைப்பதையெல்லாம் படித்து வைத்திருக்கிறான். உலகில் இதுவரை வாழ்ந்த விலங்குகளிலேயே மிகப் பெரியது, தன் அம்மம்மாவின் நாட்டில் கரைக்கு இவ்வளவு அருகில் வந்துபோகிறது என்று அறிந்த நாளிலிருந்து அவனுக்கு வேறு பேச்சே இல்லை.

பெரியவர்கள் ஐவரும் பிள்ளைகள் இருவருமாக வருகிறோம். என் அம்மாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. முழங்கால் நோவும் இரத்த அழுத்தமும் உண்டு. எலும்புத் தேய்வுக்கும் மருந்து எடுக்கிறார். ஆனாலும், "நானும் வருவேன்" என்று உறுதியாகச் சொல்கிறார்.

எனக்குத் தயக்கம் ஏற்பட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் உறவினர் குடும்பம் ஒன்று சில ஆண்டுகளுக்கு முன்பு தென்கரையில் பெரிய படகொன்றில் போனது. ஏராளமானோரை ஏற்றிக்கொண்டு போன அந்தப் படகும் வேறு பல படகுகளும் ஒரே திமிங்கிலத்தை நாற்புறமும் சூழ்ந்துகொண்டனவாம். அது மூச்செடுக்க மேலே வரும்போதெல்லாம் இயந்திரங்களை முடுக்கிக்கொண்டு எல்லாரும் அதன் மேல் பாய்ந்தார்களாம். அவர்களுடைய மகள் கண்கலங்கியபடிதான் கரையிறங்கினாள். என் மகனுக்கு அப்படியொரு காட்சியை நான் காட்ட விரும்பவில்லை.

ஆகவே தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஜூலை மாதம் உகந்த காலம்தானா? எங்களைப் போன்ற சிறு குழுவுக்கு மட்டும் படகு அமர்த்த முடியுமா, அப்படி அமர்த்துவது பாதுகாப்பானதா? திமிங்கிலத்தைத் துரத்தாத படகோட்டியை எப்படி அடையாளம் காண்பது? அம்மாவை அழைத்துப் போகலாமா?

கொட்டியாரக் கரை:

வணக்கம் சகோதரி. நான் திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் வீட்டார் பரம்பரையாகக் கடற்றொழில் செய்பவர்கள், இப்போது உறவுக்காரர் சிலர் பருவகாலத்தில் சுற்றுலாப் படகும் ஓட்டுகிறார்கள். எனவே கரையில் நின்று பார்ப்பவனாக அல்லாமல், படகுக்காரர் பக்கத்திலிருந்தும் சில விடயங்களைச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

முதலில் காலத்தைப் பற்றி. இலங்கையில் திமிங்கிலம் பார்க்கும் பருவத்தை வகுப்பது பெரும்பாலும் காற்றுத்தான். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தென்கரையின் மிரிசைக் கடலிலும் வடமேற்குக் கரையின் கற்பிட்டிக் கடலிலும் சிறு படகு இறங்க இயலாது; அக்காலத்தில் மலைநாடு காற்றை மறித்து நிற்பதால் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். வடகிழக்கிலிருந்து வீசும் வாடை தொடங்கிவிட்டால் இது அப்படியே தலைகீழாக மாறும். ஆகவே தென்கரைக்கும் கற்பிட்டிக்கும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை என்றும், திருகோணமலைக்கு மே முதல் ஆகஸ்ட் வரை என்றும் கொள்ளலாம். நீங்கள் வரும் ஜூலை நல்ல காலம். ஆனால் ஜூலையில் எங்கள் பக்கம் கச்சான் காற்று உண்டு. மலைகளைக் கடந்து, ஈரத்தையெல்லாம் அந்தப் பக்கமே இறக்கிவிட்டு, வறண்டு சூடாக இறங்கிவரும் காற்று அது. விடியற்காலையில் கடல் அசைவற்றுக் கிடந்தாலும், வெயில் ஏற ஏறக் கச்சான் எழுந்து கரையிலிருந்து வெளிக்கடல் நோக்கித் தள்ளும். அப்போது திரும்பி வரும் படகு அலையை எதிர்த்துத்தான் வரவேண்டும். அதனால்தான் எங்கள் படகுகள் காலை ஐந்தரை, ஆறு மணிக்குள் புறப்பட்டுவிடுகின்றன. "ஒன்பது மணிக்கு வாருங்கள், ஆறுதலாகப் போகலாம்" என்று எவராவது சொன்னால், அவர் உங்கள் வசதிக்காகச் சொல்லவில்லை. இரண்டாவது குழுவை ஏற்றுவதற்காகச் சொல்கிறார்.

திருகோணமலையில் திமிங்கிலம் கரைக்கு அருகில் வருவதற்குக் காரணம் கடலடியின் அமைப்பு. மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவில் தொடங்கி, துறைமுக வாயிலைக் கடந்து வெளிக்கடலுக்குச் செல்லும் பெரும் பள்ளத்தாக்கு ஒன்று கடலுக்கடியில் இருக்கிறது. வேறு இடங்களில் கரையிலிருந்து நெடுந்தூரம் போனால்தான் கிடைக்கும் ஆழம் இங்கே கோணேசர் ஆலயம் இருக்கும் கோட்டைப் பாறையின் காலடியிலிருந்தே தொடங்கிவிடுகிறது. ஆழ்கடலின் உயிர்கள் கரையோரம் வரை வருவதற்கு அது வழிவிடுகிறது. தூண்டில்காரர்களுக்கு இந்த விளிம்பு நன்றாகத் தெரியும். எங்கள் தகப்பன்மார் திமிங்கிலத்தைத் தேடிப் போனவர்கள் அல்லர். சூரை மீன் தேடிப் போன இடத்தில் அதையும் கண்டவர்கள். கடற்பறவைகள் கூட்டமாகத் தாழ்ந்து பறக்கும் இடத்தில் டொல்பின் இருக்கும், டொல்பினுக்கு அடியில் சூரை இருக்கும் என்பது அவர்களுடைய கணக்கு. இன்றைக்குச் சுற்றுலாப் படகை ஓட்டுபவரும் முதலில் பறவையைத்தான் பார்ப்பார்.

இனிப் படகு. எங்கள் கரையில் கிடைப்பவை பெரும்பாலும் மீன்பிடிக்கு உரிய கண்ணாடியிழைப் படகுகள். பின்புறம் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டியிருப்பார்கள். ஆறு பேர் வரை தாராளமாக உட்காரலாம். தென்கரையில் உள்ளவை போன்ற இரண்டடுக்குப் பெரிய படகுகளை எதிர்பார்க்காதீர்கள். பெரிய படகில் கழிப்பறையும் நிழலும் உண்டு, ஆட்டமும் குறைவு. ஆனால் அது திரும்புவதற்கே நேரம் எடுக்கும், மேல்தட்டில் முன்வரிசை கிடைக்காதவர்களுக்கு மற்றவர்களின் முதுகுதான் தெரியும். சிறு படகில் நீர்மட்டத்துக்கு அருகில் இருப்பீர்கள். இயந்திரத்தை அணைத்துவிட்டால் திமிங்கிலம் மூச்சுவிடும் ஓசை தெளிவாகக் கேட்கும். குழு முழுவதும் உங்கள் குடும்பமாகவே இருப்பதால், எவ்வளவு நேரம் காத்திருப்பது, எப்போது திரும்புவது என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். சிறு குழுவின் உண்மையான பயன் இதுதான் என்பேன். முன்பின் தெரியாத இருபது பேருடன் போனால், அவர்களில் ஒருவர் "இன்னும் கிட்டப் போ" என்று சத்தமிட்டாலும் படகோட்டி போய்த்தான் ஆகவேண்டிய நிலை வந்துவிடுகிறது.

படகோட்டியை அடையாளம் காண்பது எப்படி என்று கேட்டீர்கள். முதல் நாள் மாலையே கடற்கரைக்குப் போய் நேரில் பேசுங்கள். விடுதி வரவேற்பறையில் பணம் கட்டிவிட்டு, விடியற்காலையில் யாரென்று தெரியாத ஒருவருடைய படகில் ஏறாதீர்கள். பேசும்போது, "நாங்கள் துரத்திப் பார்க்க வரவில்லை, தூரத்தில் நின்று நெடுநேரம் பார்த்தால் போதும், காணாவிட்டாலும் பேசிய தொகையைத் தருவோம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்தக் கடைசி வாக்கியம் மிக முக்கியம். படகோட்டிகள் பலர் கெட்டவர்கள் அல்லர். திமிங்கிலத்தைக் காட்டாவிட்டால் பயணிகள் பணத்தைக் குறைப்பார்கள், கிட்டக் கொண்டுபோகாவிட்டால் அன்பளிப்புத் தரமாட்டார்கள் என்ற அச்சம்தான் அவர்களை விரட்டுகிறது. அந்த அச்சத்தை நீங்கள் கரையிலேயே நீக்கிவிட்டால், கடலில் அவர் வேறொரு மனிதராக நடந்துகொள்வதைப் பார்ப்பீர்கள். அதற்கு அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். "நூற்றுக்கு நூறு காட்டுவேன்" என்பவரை விட்டுவிடுங்கள். "காற்றைப் பார்த்துத்தான் சொல்லமுடியும், நேற்று இன்ன திசையில் நின்றது" என்று பேசுபவர் தொழில் தெரிந்தவர்.

கடலில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், மகனுக்குப் பயன்படும். முதலில் தெரிவது திமிங்கிலத்தின் உடல் அல்ல, அது விடும் மூச்சு. நீலத்திமிங்கிலத்தின் மூச்சு நேராக, உயரமாக எழும். அமைதியான காலையில் வெகு தொலைவிலிருந்தே தெரியும். சிறு சிறு இடைவெளியில் பலமுறை மூச்செடுத்துவிட்டு, முதுகை வளைத்து, சில வேளைகளில் வாலையும் நீருக்கு மேலே தூக்கி ஆழத்துக்குப் போகும். போன இடத்தில் நீர்ப்பரப்பு எண்ணெய் ஊற்றியதுபோல் சிறிது நேரம் வழவழப்பாக இருக்கும். நல்ல படகோட்டி அந்த இடத்துக்கு ஓடமாட்டார். அது போன திசையைக் குறித்துக்கொண்டு, பக்கவாட்டில் ஒதுங்கி, இயந்திரத்தை அணைத்துவிட்டுக் காத்திருப்பார். பத்து நிமிடமோ அதற்கு மேலோ கழித்துத்தான் மறுபடி எழும். அந்தப் பத்து நிமிடம் பேசாமல் இருக்கப் பிள்ளைகளைப் பழக்கிக்கொண்டு வாருங்கள்.

நெய்தல்:

கொட்டியாரக் கரை ஐயா எழுதியதை முழுமையாக வழிமொழிகிறேன். நான் கடல் உயிரியல் கற்பிப்பவள். துரத்தக் கூடாது என்பதற்கான காரணங்களையும் சட்டம் சொல்வதையும் சேர்த்து எழுதலாம் என்று நினைக்கிறேன், ஏனெனில் காரணம் தெரிந்தவர்களால்தான் படகில் உட்கார்ந்துகொண்டு உறுதியாக மறுத்துப் பேச முடியும்.

உங்கள் மகன் படித்த நூல்களில், நீலத்திமிங்கிலங்கள் கோடையில் துருவக் கடல்களுக்குச் சென்று கிரில் என்னும் சிறு உயிரினத்தை உண்டு கொழுத்து, குளிர்காலத்தில் வெப்பக் கடல்களுக்கு வந்து கன்று ஈனும் என்று எழுதியிருக்கும். நம் கடலில் உள்ளவை அப்படிச் செய்வதில்லை. வட இந்துமாக்கடலின் நீலத்திமிங்கிலங்கள் ஆண்டு முழுவதும் வெப்பக் கடலிலேயே தங்கி, இங்கேயே இரை தேடி, இங்கேயே கன்று ஈன்று வாழ்கின்றன. அந்தார்ட்டிக் கடலில் உள்ளவை 30 மீட்டரை நெருங்கக் கூடியவை. நம்முடையவை அவற்றைவிடச் சில மீட்டர் குறைந்த நீளம் கொண்டவை, பாடும் ஒலியும் வேறு. 2003-ல் இலங்கைக் கடலில் ஆய்வுக் கப்பலொன்றில் இருந்த இலங்கைக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ், நீலத்திமிங்கிலங்கள் திரண்டிருந்த இடத்தில் நீரில் மிதந்த செந்நிற மலத்தைக் கண்டு, இவை இந்த வெப்பக் கடலிலேயே உண்கின்றன என்பதை உணர்ந்தார். அதுவே பிற்பாடு அவருடைய வாழ்நாள் ஆய்வாயிற்று. மலத்தை ஆராய்ந்ததில் இங்கே அவை கிரிலைவிட ஒருவகைச் சிறு இறால்களையே முதன்மையாக உண்பது தெரியவந்தது. இலங்கையில் திமிங்கில ஆய்வுக்கும் கடல்சார் கல்விக்கும் அவர் நிறுவிய ஓஷன்ஸ்வெல் அமைப்பின் பெயரை மகனுக்குச் சொல்லுங்கள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், வேறிடத்துக்குப் போய் உண்டு திரும்பும் விலங்கைத் தொந்தரவு செய்வதற்கும், உண்ணும் இடத்திலேயே தொந்தரவு செய்வதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. திருகோணமலைப் பள்ளத்தாக்கின் மேல் நீங்கள் பார்க்கும் திமிங்கிலம், ஆழத்தில் இரையெடுத்துவிட்டு அடுத்த முழுக்குக்காக மூச்சைச் சேர்த்துக்கொள்ள மேலே வந்தது. படகு பாய்ந்து வந்தால், அது போதிய மூச்செடுக்காமலே கீழே போய்விடும்; அடுத்த முழுக்கு குறுகும், இரையும் குறையும். ஒரு படகு ஒருமுறை செய்வதில் பெரிய கேடு இல்லாமல் இருக்கலாம். பருவம் முழுவதும், ஒவ்வொரு காலையும், பல படகுகள் செய்யும்போது அது பசியாகிறது.

டொல்பின்களுக்கும் இதே கதைதான். நீங்கள் இங்கே பெரும்பாலும் காணப்போவது சுழல் டொல்பின். துள்ளி எழுந்து உடலைச் சுழற்றிக்கொண்டு விழுவதால் அந்தப் பெயர். அவை இரவில்தான் உண்ணும். ஆழத்திலிருந்து இரவில் மேலே எழும் சிறு மீன்களையும் கணவாய்களையும் பிடித்துத் தின்றுவிட்டுப் பகலில் கூட்டமாக மெல்ல நீந்தி ஓய்வெடுக்கும். நாம் காலையில் போய்க் கூட்டத்தின் நடுவே படகை ஓட்டிக் கைதட்டிக் கூச்சலிடும்போது அவற்றின் உறக்கத்தைக் கெடுக்கிறோம். ஹவாயில் இந்தக் காரணத்துக்காகவே, கரையோரக் கடலில் சுழல் டொல்பினுக்கு 50 கஜத்துக்குள் எவரும் நெருங்கக் கூடாது என்று 2021-ல் விதி கொண்டுவந்தார்கள். படகு நேராக, ஒரே வேகத்தில், மெதுவாகப் போனால் டொல்பின்கள் தாமாகவே வந்து படகின் முன்முனை எழுப்பும் அலையில் விளையாடும். அப்படி அவை விரும்பி வரும்போது பார்ப்பதற்கு எந்தத் தடையும் இல்லை; வேகத்தை மட்டும் மாற்றாதீர்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 2012-ல் கடல்வாழ் பாலூட்டிகளை அவதானிப்பதற்கான ஒழுங்குவிதிகள் வெளியிடப்பட்டன. திமிங்கிலத்துக்கு 100 மீட்டருக்குள் படகு நெருங்கக் கூடாது. முன்னால் போய் வழிமறிப்பதும், நேர் பின்னால் விரட்டுவதும், தாயையும் கன்றையும் பிரிக்கும்படி இடையில் புகுவதும் தவறு. பக்கவாட்டில், அது போகும் திசைக்கு இணையாக மெதுவாகச் செல்வதே முறை. வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் திமிங்கிலத்துடன் நீந்துவதற்கு இடமில்லை. இணையத்தில் அப்படி விளம்பரம் செய்பவர்களிடம் போகவேண்டாம். பறக்கும் கமரா கொண்டுவர நினைத்தாலும் குடிசார் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி தேவை.

நம் கடலின் வரலாற்றில் திருகோணமலைக்குத் தனி இடம் உண்டு என்பதையும் மகன் அறிந்துகொள்ளட்டும். 1960-களில் சோவியத் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் வட இந்துமாக்கடலில் சட்டத்துக்குப் புறம்பாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீலத்திமிங்கிலங்களைக் கொன்றன; அந்த உண்மை பல பத்தாண்டுகள் மறைக்கப்பட்டிருந்தது. 1979-ல் சர்வதேசத் திமிங்கில வேட்டை ஆணையம் இந்துமாக்கடலைத் திமிங்கிலச் சரணாலயமாக அறிவித்தது. அதைத் தொடர்ந்து 'டியூலிப்' என்னும் ஆய்வுப் பாய்மரப் படகில் வந்த ஹால் வைட்ஹெட் முதலான ஆய்வாளர்கள், 1980-களின் தொடக்கத்தில் திருகோணமலைக்கு வெளியே நீலத்திமிங்கிலங்களையும் எண்ணெய்த் திமிங்கிலங்களையும் கண்டு பதிவு செய்தார்கள். அப்போதே இங்கே திமிங்கிலம் பார்க்கும் சுற்றுலா வேரூன்றியிருக்க வேண்டும். 1983-க்குப் பிறகு வந்த போர் அந்த வாய்ப்பை அழித்தது. எங்கள் கடற்றொழிலாளருக்கே கடல் மூடப்பட்டிருந்த ஆண்டுகள் அவை. போர் முடிந்தபின் தென்கரை முந்திக்கொண்டது, கூட்டமும் அங்கேதான் பெருகியது. கூட்டம் இன்னும் மிகாத திருகோணமலையில் நல்ல வழக்கங்களை இப்போதே ஏற்படுத்திக்கொள்ள முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உங்களைப் போன்றோர் படகு பேசும்போது வைக்கும் நிபந்தனைகள் அதற்கு நேரடியாக உதவும்.

படகுகள் மட்டுமே ஆபத்து அல்ல. இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனைக்குத் தெற்கே, உலகின் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று, நீலத்திமிங்கிலங்கள் இரை தேடும் பரப்பின் ஊடாகவே போகிறது. கப்பல் மோதி இறந்த திமிங்கிலங்கள் கரையொதுங்கியிருக்கின்றன. எம்.எஸ்.சி. என்ற பெரும் கப்பல் நிறுவனம் 2022-ல் தன் கப்பல்களை இன்னும் தெற்கே விலகிச் செல்லும்படி மாற்றிக்கொண்டது. எல்லா நிறுவனங்களும் அதைப் பின்பற்ற வேண்டும்.

ஒரு வேண்டுகோள். வால் மேலே வரும்போது அதன் அடிப்பக்கத்தைப் படம் எடுங்கள். விளிம்பின் வெட்டுகளும் தழும்புகளும் திமிங்கிலத்துக்குத் திமிங்கிலம் வேறுபடும். ஆய்வாளர்கள் அவற்றையும் வைத்துத் தனித்தனியே அடையாளம் காண்கிறார்கள். நாளும் நேரமும் இடமும் குறித்து அனுப்பினால், பத்து வயதுப் பிள்ளை எடுத்த படமும் அவர்களுக்குப் பயன்படும். முன்பக்கமாகச் சாய்ந்து, இடப்புறம் தாழ்வாக எழும் மூச்சைக் கண்டால் அது எண்ணெய்த் திமிங்கிலம். அதன் மூச்சுத்துளை தலையின் முன்னால் இடப்பக்கத்தில் இருப்பதால் அப்படி. அது முழுகினால் முக்கால் மணி நேரம் வரைகூடக் கீழே இருக்கும், ஆகவே காத்திருக்க முடியுமா என்பதை அப்போது தீர்மானியுங்கள்.

மட்டுநகர்த் தாதி:

அம்மாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எலும்புத் தேய்வுக்கு மருந்து எடுப்பவரைச் சிறு படகில் வெளிக்கடலுக்கு அழைத்துப் போகவேண்டாம் என்பதே என் ஆலோசனை. வேகமாகப் போகும் சிறு படகு ஓர் அலையிலிருந்து அடுத்த அலைக்கு விழும்போது ஏற்படும் அதிர்வு முழுவதும் முதுகெலும்பில் இறங்குகிறது; எலும்பு வலுவிழந்தவர்களுக்கு முள்ளந்தண்டு நெரிந்து முறிவு ஏற்பட இந்த ஒரு அதிர்வே போதும். முழங்கால் நோவுடன், கரையில் நீருக்குள் இறங்கி நின்று படகின் விளிம்பைத் தாண்டி ஏறுவதும் எளிதன்று. படகில் கழிப்பறை இல்லை என்பதால் வயதானவர்கள் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுவார்கள்; ஜூலை வெயிலில், இரத்த அழுத்த மாத்திரையும் எடுத்துக்கொண்டு அப்படி இருப்பது மயக்கத்தில் கொண்டுபோய் விடும்.

அவருடைய ஆசையை மறுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கோணேசர் ஆலயம் இருக்கும் பாறை செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகிறது. அதன் உச்சியிலிருந்து நல்ல தொலைநோக்கியுடன் பொறுமையாகப் பார்த்தால், பருவகாலத்தில் திமிங்கிலங்களின் மூச்சு தெரியும். காலையில் சூரியன் எதிரே இருப்பதால் கண் கூசும், பிற்பகலில் வெளிச்சம் முதுகுப்பக்கம் வந்துவிடும். தரிசனத்தைப் பிற்பகலுக்கு வைத்துக்கொண்டு, அம்மாவை நிழலில் அமர்த்தி, பேரனையும் பக்கத்தில் இருத்தினால் இருவரும் சேர்ந்தே தேடலாம்.

மற்றவர்களுக்கு: கடற்பயண வாந்திக்கான மாத்திரையைப் புறப்படுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே எடுக்க வேண்டும், வாந்தி தொடங்கிய பிறகு பயனில்லை. பிள்ளைகளுக்கான அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் போகாதீர்கள், எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். இடியப்பமோ பாணோ சிறிது உண்டால் போதும். முன்பக்கத்தில்தான் அதிர்வு அதிகம், ஆகவே பிள்ளைகளைப் படகின் பின்பாதியில் இருத்துங்கள்.

நல்லூர் மகள்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். முதலில் முகம் வாடினாலும், கோணேசர் மலையில் பேரனுடன் உட்கார்ந்து பார்க்கலாம் என்றதும் சம்மதித்துவிட்டார்; தொலைநோக்கி ஒன்று வாங்கியும் ஆகிவிட்டது.

இன்னும் சில ஐயங்கள். அம்மாவை விட்டால் ஆறு பேர். அறுவரும் ஒரே படகில் போவதா, இரண்டாகப் பிரிவதா? நிலாவெளிக்கு எதிரே கடலில் உள்ள புறாத்தீவையும் அதே காலையில் பார்த்துவிடலாம் என்று விடுதியில் சொல்கிறார்கள், அது சரிவருமா? காற்றுக் காரணமாகப் படகு போகாவிட்டால் என்ன செய்வது?

கொட்டியாரக் கரை:

அறுவர் ஒரே படகில் போகலாம், ஆனால் படகோட்டியும் உதவியாளரும் சேர்ந்தால் எண்மர் ஆகிவிடுவீர்கள். கடல் சிறிது ஆடினாலும் அது நெருக்கமாக இருக்கும். கட்டுப்படியானால் இரண்டு படகாகப் பிரிந்து, ஒன்றுக்கொன்று கண்ணில் தெரியும் தூரத்தில் சேர்ந்தே போங்கள். கரையிலிருந்து அவ்வளவு தூரத்தில் இயந்திரம் நின்றுவிட்டால், கட்டி இழுத்துவரப் பக்கத்திலேயே இன்னொரு படகு இருப்பது பெரிய காப்பு. ஆனால் திமிங்கிலத்தின் இருபுறமும் ஆளுக்கொரு பக்கமாக நின்று அதை நடுவில் மாட்டிவிடாமல், இரண்டு படகும் ஒரே பக்கத்தில் நிற்கும்படி இரு படகோட்டிகளிடமும் சொல்லுங்கள். தொலைபேசியில் மற்றப் படகுகளுக்கு இடத்தைச் சொல்லும் வழக்கமும் உண்டு. ஒருவருக்கொருவர் உதவி என்ற அளவில் அது நல்லதுதான். உங்களைச் சுற்றிப் படகுகள் சேரத் தொடங்கினால், நீங்களே முதலில் விலகிவிடுங்கள். கடல் பெரியது, வேறொன்று தென்படும்.

புறாத்தீவை அதே காலையில் சேர்க்காதீர்கள். திமிங்கிலத்துக்காகக் கடலில் மூன்று நான்கு மணி நேரம் இருந்துவிட்டு, வெயில் உச்சிக்கு வரும் வேளையில் பிள்ளைகளைத் தீவில் இறக்கினால் அவர்களுக்கு எதுவும் மனத்தில் நிற்காது. அவசரத்தில் படகோட்டியும் வெளிக்கடலில் காத்திருக்க மாட்டார். 2003-ல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம் அது. அனுமதிச் சீட்டு தனியாக வாங்கவேண்டும், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குக் கட்டணம் அதிகம். முருகைக்கற்களின் (பவளப்பாறைகளின்) மேல் காலூன்றாமல் நீந்திப் பார்க்க அரைநாள் ஒதுக்குங்கள். கரும்முனைச் சுறாக்கள் ஆழமற்ற நீரில் திரியும், மனிதரைத் தொந்தரவு செய்யாதவை அவை.

காற்றுக் காரணமாகப் போக முடியாது என்று படகோட்டி சொன்னால் வற்புறுத்தாதீர்கள். நிலாவெளியில் தங்கும் நாட்களில் இரண்டு காலைகளையாவது இதற்கென்று வைத்திருந்தால், ஒன்று கைவிட்டாலும் மற்றது கிடைக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து அன்றைக்கே வந்து போகும் எண்ணம் வேண்டாம். வீதிப் பயணம் மட்டுமே ஐந்து மணி நேரம் பிடிக்கும். முற்பணம் சிறிதளவே கொடுங்கள், காற்றால் பயணம் நின்றால் அது மறுநாளுக்கு மாறும் என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உயிர்காப்பு அங்கி. பெரியவர்களுக்கு எல்லாப் படகிலும் இருக்கும், பிள்ளைகளின் அளவில் பல படகுகளில் இருக்காது. முதல் நாள் மாலை படகு பேசும்போதே மகனையும் மற்றப் பிள்ளையையும் அழைத்துப்போய் அணிவித்துப் பாருங்கள். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கினால் அங்கி மட்டும் காதுவரை எழுந்துவருமானால் அது அளவு அல்ல. அளவானது கிடைக்காவிட்டால் கனடாவிலிருந்தே இரண்டை வாங்கிக்கொண்டு வாருங்கள்.